சத்து மாத்திரைதானே என்று சொல்லாதீர்கள்

கீமோ போட்டுக்கொண்டிருப்பவரைப் பார்க்கப் போகிறவர்கள் இப்போதெல்லாம் பழத்தோடு ஒரு டப்பாவும் கொண்டுபோகிறார்கள். சீந்தில் பொடி, முள்ளுசீத்தா கேப்ஸ்யூல், வெளிநாட்டு மகன் அனுப்பிய ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை என்று ஏதோ ஒன்று. கொடுக்கும்போது சொல்வதும் ஒன்றுதான்: “சத்துதானே, சாப்பிட்டுப் பாருங்க. பலன் இல்லாட்டியும் கெடுதல் பண்ணாது.” அன்பினால் வரும் பேச்சு என்பதால் யாரும் மறுப்பதில்லை. ஆனால் அந்தப் பேச்சு பொய். கேட்டு நடப்பவரின் சிகிச்சையையே கெடுக்கக்கூடிய பொய்.

கீமோ என்றால் கெமிக்கல், செடியிலிருந்து வந்தால் சாது என்ற எண்ணம்தான் இதற்கு அடிப்படை. நம் வீட்டு வாசலிலும் கோயில் நந்தவனத்திலும் பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணியை எடுத்துக்கொள்வோம். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குப் பல பத்தாண்டுகளாகக் கொடுத்துவரும் வின்கிரிஸ்டின் அந்தச் செடியிலிருந்து கிடைப்பது. மார்பகப் புற்றுநோய்க்குப் போடும் பாக்லிடாக்செல் முதலில் கிடைத்தது அமெரிக்காவின் பசிபிக் யூ மரப்பட்டையில். செடியில் பிறந்ததால் இவை சாதுவாகிவிடவில்லை. வின்கிரிஸ்டின் நரம்புகளைத் தாக்கும், மலத்தைக் கட்டும். ரத்தக்குழாயில் செலுத்த வேண்டியதைத் தவறுதலாக முதுகுத்தண்டு நீரில் செலுத்திவிட்டால் உயிரையே எடுத்துவிடும். எனவே இயற்கையா செயற்கையா என்று கேட்பதில் பயனில்லை. எந்த மருந்தோடு, எவ்வளவு, எந்த நாளில் என்று கேட்க வேண்டும்.

பாக்லிடாக்செல் போட்டுக்கொள்ளும் பெண்களுக்கு விரல் நுனிகள் மரத்துப்போகும். ப்ளவுஸ் கொக்கி மாட்ட வராது. ஊசியில் நூல் கோக்க வராது. காலிலிருந்து செருப்பு கழன்று போனதுகூடத் தெரியாமல் நாலடி நடந்துவிடுவார்கள். இந்த மதமதப்புக்கு ஒரு சத்துப்பொருள் நல்லது என்ற நம்பிக்கை பரவலாக இருந்தது. அதன் பெயர் அசிடைல் எல்-கார்னிடின். நம் உடம்பே தயாரித்துக்கொள்ளும் பொருள் அது. சின்னச் சின்ன ஆய்வுகளும் நம்பிக்கை தந்தன. அமெரிக்காவில் இதை ஒழுங்காகச் சோதித்துப் பார்த்தார்கள். மார்பகப் புற்றுநோய்க்கு இந்த வகைக் கீமோ போட்டுக்கொண்ட 409 பெண்களில் ஒரு பாதிக்குக் கார்னிடினும் மறுபாதிக்கு வெறும் மாத்திரையும் 24 வாரம் கொடுத்தார்கள். முடிவு 2013இல் வெளிவந்தது. 12 வாரத்தில் இரு பக்கத்துக்கும் வித்தியாசமில்லை. 24ஆவது வாரத்தில் கார்னிடின் எடுத்த பெண்களுக்கே மதமதப்பு அதிகம். இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோதும் அந்த வேறுபாடு மறையவில்லை.

நரம்பைக் காக்கும் என்று எடுத்தது நரம்பைக் கெடுத்தது. அந்தச் சோதனை நடக்காமல் போயிருந்தால், மரத்துப்போன கையோடு இருக்கும் ஒவ்வொருவரும் பழியைக் கீமோவின் மேல் போட்டுவிட்டு மாத்திரையின் அளவைக் கூட்டியிருப்பார்கள்.

இதைவிடக் கொடுமையானது இன்னொன்று. நம் ஊரில் வாய், தொண்டைப் புற்றுநோய் அதிகம். அதற்குக் கதிர்வீச்சு கொடுப்பதைத்தான் மக்கள் ‘கரண்ட் வைக்கிறது’ என்கிறார்கள். கரண்ட் வைக்க வைக்க வாயெல்லாம் வெந்து, எச்சில் விழுங்குவதற்கே கண்ணீர் வரும். கனடாவின் கியூபெக் மாநிலத்தில் இப்படிப்பட்ட 540 நோயாளிகளை வைத்து வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின் மாத்திரைகளைச் சோதித்தார்கள். 2005இல் வந்த முடிவுகளின் முதல் பாதியைப் படித்தால் மகிழ்ச்சியாக இருக்கும்: மாத்திரை எடுத்தவர்களுக்குக் கடுமையான புண்கள் குறைவு. இரண்டாம் பாதியில், கட்டி அதே இடத்தில் திரும்பிவரும் போக்கு அவர்களிடமே கூடுதலாகத் தெரிந்தது. அடுத்த ஆண்டு வந்த முடிவில் வைட்டமின் ஈ எடுத்தவர்களிடையே இறப்பும் கூடியிருந்தது.

காரணம் புரியாத புதிரல்ல. கதிர்வீச்சு செல்லைக் கொல்வதில் பெரும்பங்கு அது உடம்புக்குள் உண்டாக்கும் ஃப்ரீ ராடிக்கல்களுடையது. ஆன்டிஆக்சிடன்ட் அவற்றை அணைத்துவிடுகிறது. அணைக்கும்போது இது நல்ல செல், இது புற்றுச் செல் என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. புண் ஆறினால் நோயாளி நிம்மதியடைவார், வீடும் நிம்மதியடையும். அந்த நிம்மதிக்குக் கொடுத்த விலை ஓரிரு ஆண்டு கழித்து ஸ்கேனில் தெரியவரும்போது, அதையும் அந்த மாத்திரையையும் யாரும் சேர்த்துப் பார்க்கமாட்டார்கள்.

வாய்ப்புண் என்றதும் நம் கை தானாகப் போவது பி காம்ப்ளெக்ஸ் மாத்திரைக்கு. சீட்டில்லாமலே மருந்துக்கடையில் கிடைக்கும். பலவற்றில் ஃபோலிக் அமிலமும் சேர்ந்திருக்கும். குடல் புற்றுநோய்க்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் வீட்டிலேயே விழுங்கக் கொடுக்கும் கேப்சிடபைன் என்ற கீமோ மாத்திரைக்கு வாய்ப்புண்ணும் வயிற்றுப்போக்கும் வழக்கமான பக்கவிளைவுகள். அது உடம்புக்குள் போய் 5-எஃப்யூ என்ற மருந்தாக மாறுகிறது. 5-எஃப்யூவின் வேகத்தைக் கூட்டுவதற்காகவே ஃபோலிக் அமிலத்தின் உறவான ஃபோலினிக் அமிலத்தை டாக்டர்கள் வேண்டுமென்றே, அளந்து, கூடச் சேர்த்துக் கொடுப்பதுண்டு. இது தெரியாமல் வாய்ப்புண்ணுக்கு என்று தினமும் ஃபோலிக் அமிலம் விழுங்கினால், அந்தப் புண்ணை உண்டாக்கிய நஞ்சின் வீரியத்தையே கூட்டிக்கொள்ள நேரலாம்.

இதே ஃபோலிக் அமிலம் இல்லாமல் தொடங்கவே கூடாத கீமோவும் உண்டு. நுரையீரல் புற்றுநோய்க்குக் கொடுக்கும் பெமெட்ரெக்செட் அது. முதல் ஊசிக்கு ஒரு வாரம் முன்பே ஃபோலிக் அமிலம் தொடங்கிவிட வேண்டும், பி12 ஊசியும் போட வேண்டும். இல்லையென்றால் ரத்த அணுக்கள் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடக்கூடும். ஒரே மாத்திரை ஒரு மருந்தோடு கேடயம், இன்னொரு மருந்தோடு கத்தி. “சத்துதானே” என்பவர்கள் இந்த இரண்டில் எது தங்கள் எதிரில் இருப்பவரின் நிலை என்று சொல்லட்டும்.

மஞ்சளைத் தொட்டால் கோபம் வரும் என்று தெரியும். ரசத்திலும் குழம்பிலும் போடும் மஞ்சளைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை. அதில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில்தான் இருக்கும். கேப்ஸ்யூலில் அதையே பிரித்தெடுத்து, 95 சதவீதம் என்று பெருமையாக அச்சிட்டு, உடம்பு நன்றாக உறிஞ்சட்டும் என்று மிளகின் சாரத்தையும் சேர்த்து அடைக்கிறார்கள். அது சமையல் பொருள் அல்ல. மார்பகப் புற்றுநோய் திரும்பாமலிருக்க ஆண்டுக்கணக்கில் எடுக்கும் டாமொக்சிஃபெனோடு இந்தக் கலவையைக் கொடுத்து நெதர்லாந்தில் 2019இல் பார்த்தபோது, வேலை செய்யவேண்டிய மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறத்தாழ 12 சதவீதம் குறைந்திருந்தது. மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் பாதித்த 10 பேரைப் பற்றி அமெரிக்க மருத்துவர்கள் 2022இல் எழுதினார்கள். அவர்கள் எடுத்தவற்றில் சோதிக்கப்பட்ட 7 மாத்திரைகளில் 3இல் மிளகுச் சாரம் இருந்தது. ஒருவர் இறந்துபோனார். சீந்திலால் கல்லீரல் அழற்சி வந்தவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021இல் எழுதியதும் இதோடு சேரும். கீமோ மருந்துகளில் பலவற்றைச் சுத்திகரித்து வெளியேற்றும் உறுப்பு கல்லீரல். அது சோர்ந்தால் அடுத்த ஊசி தள்ளிப்போகும்.

ரத்த அணுக்களின் கவுண்ட் இறங்கியிருக்கும் நாட்களில் பச்சையாக அரைத்துக் குடிக்கும் அருகம்புல் சாறு எத்தனை கிருமியைக் கொண்டுவரும் என்று யோசிப்பதுமில்லை. பிளேட்லெட் குறைந்திருப்பவர் மீன் எண்ணெய், பூண்டு மாத்திரைகளை டாக்டருக்குத் தெரியாமல் எடுப்பதும் அப்படித்தான்.

எதுவுமே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. கீமோ குமட்டலுக்கு இஞ்சி கைகொடுக்கும். அமெரிக்காவில் 576 பேரை வைத்துச் செய்து 2012இல் வெளியான ஆய்வில், வாந்தி மருந்தோடு தினம் அரை கிராம் முதல் ஒரு கிராம் வரை இஞ்சி எடுத்தவர்களுக்கு முதல் நாள் குமட்டல் குறைந்தது. வாந்தி மருந்தோடு என்பதைக் கவனிக்க வேண்டும், அதற்குப் பதிலாக அல்ல. எலும்பைத் தேய்க்கும் ஹார்மோன் மாத்திரை எடுப்பவருக்குக் கால்சியமும் வைட்டமின் டியும் தேவைப்படும். வயிற்றை எடுத்துவிட்டவருக்கு பி12 ஊசி வாழ்நாள் முழுக்கத் தேவைப்படும். இவையெல்லாம் சத்துப்பொருள்கள்தான். ரத்தப் பரிசோதனை பார்த்து, கொடுக்கும் கீமோவோடு பொருத்திப் பார்த்து, ஒருவர் பொறுப்பேற்று எழுதிக் கொடுப்பவை.

நோயாளிகளை மட்டும் குறை சொல்வது அநியாயம். வெளிநோயாளிப் பிரிவில் மணிக்கணக்காகக் காத்திருந்து உள்ளே போனால் கிடைப்பது சில நிமிடம். “என்ன சாப்பிடலாம் டாக்டர்?” என்றால், “எல்லாம் சாப்பிடலாம்” என்று ஃபைலைப் பார்த்தபடி பதில் வரும். நாட்டு மருந்தின் பெயரை எடுத்தால் திட்டு விழும். திட்டு வாங்கியவர் நிறுத்தமாட்டார், மறைப்பார். டே கேர் வார்டில் கட்டிலுக்கடியில் இருக்கும் கட்டைப்பையில் ஃப்ளாஸ்க்குக்கும் துண்டுக்கும் நடுவில் அந்தப் பொடி டப்பா இருக்கும். ஊசி ஏறிக்கொண்டிருக்கும். நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் மருமகள் ஒரு ஸ்பூன் கலக்கிக் கொடுப்பார். மாமியாருக்கு அவரால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். அவர் கையைத் தடுப்பதற்கு முன், அந்தக் குடும்பத்துக்குச் செய்வதற்கு வேறென்ன கொடுத்தோம் என்று மருத்துவமனைகள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அந்த டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல. சத்துப்பொருள் டப்பாக்களில் அந்த வரி இருக்க வேண்டும் என்பது மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2016ஆம் ஆண்டு விதி. புற்றுநோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. அதனால்தான் டப்பாக்கள் ‘எதிர்ப்புச் சக்திக்கு’ என்பதோடு நிறுத்திக்கொள்கின்றன. மிச்சத்தை உறவினர்களும் வாட்ஸ்அப்பும் சொல்லி முடித்துவிடுகிறார்கள்.

கீமோ தொடங்குமுன் எடை, ரத்த அழுத்தம், காய்ச்சல் பார்த்துக் கேஸ் ஷீட்டில் எழுதுகிறார்கள். அதே தாளில் இந்தச் சத்துப்பொருள்களுக்கும் ஒரு வரி வேண்டும். “வேற மருந்து ஏதாவது எடுக்கறீங்களா?” என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும், ஏனென்றால் அதை யாரும் மருந்தாக நினைப்பதில்லை. வீட்டில் என்ன பொடி, என்ன கஷாயம், என்ன டானிக், என்ன சாறு, யார் வாங்கிக் கொடுத்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். முகம் சுளிக்காமல் கேட்க வேண்டும். அடுத்த முறை வரும்போது டப்பாக்களை அப்படியே எடுத்துவரச் சொல்ல வேண்டும்.