கேட்டது கிடைத்துவிடுமோ?

இளவயதில் புனித அகஸ்டின் செய்த ஜெபம் விசித்திரமானது. கற்போடு வாழ வரம் கேட்டார். ஆனால், அது உடனே வேண்டாமாம்!

கி.பி. 354-ல் இன்றைய அல்ஜீரியாவில் பிறந்த அவர், பிற்காலத்தில் 'கன்ஃபெஷன்ஸ்' நூலில் இதை ஒளிக்காமல் எழுதினார். கடவுள் சீக்கிரமே கேட்டுக் குணமாக்கிவிடுவாரோ என்றுதான் பயந்தாராம். உதடு ஒன்றைக் கேட்க, மனசு வேறொன்றுக்கு ஏங்கியது. குடிப்பழக்கம் போகணும் என்று மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, 'இந்த ஞாயிறு மட்டும்' என்று கிளம்புகிறவர்களுக்கு இந்தப் பயம் நன்றாகவே புரியும்.

386-ல், மிலன் நகரத் தோட்டம் ஒன்றில் அத்திமரத்தடியில் விழுந்து அழுதார் அகஸ்டின். இன்னும் எத்தனை காலம் 'நாளைக்கு, நாளைக்கு' என்று தள்ளுவது என்பதுதான் அந்த அழுகை. அன்றைய ஜெபத்தில் 'உடனே வேண்டாம்' இல்லை. அடுத்த ஆண்டு ஈஸ்டருக்கு ஞானஸ்நானம் பெற்றார்.