கார் நிற்கும்... கதவு திறக்குமா?

புது வீட்டு பிளானில் கார் எந்த மூலையில் நிற்கணும் என்று வாஸ்து பார்ப்பவரிடம் மணிக்கணக்கில் பேசுகிறார்கள். அகலம் எவ்வளவு என்று கேட்பவர்கள் குறைவு.

ஹூண்டாய் கிரெட்டாவின் அகலம் 1.79 மீட்டர், பக்கக் கண்ணாடிகள் சேராமல். 8 அடி போர்டிகோவில் கார் நிற்கும்தான். ஆனால் இரண்டு பக்கமும் சேர்த்தே மிச்சம் சுமார் 2 அடி. மூட்டுவலி உள்ள பாட்டி அதற்குள் எப்படி இறங்குவார்? கொட்டுற மழையிலும் தெருவிலேயே இறக்கிவிட வேண்டியதுதான். 10 அடி விட்டால் ஒருபக்கக் கதவாவது முழுசா திறக்கும். ஹாலில் 2 அடி குறையட்டுமே!

மேற்குப் பார்த்த மனையா? போர்டிகோ ஹாலுக்கு முன்னால் வருவது லாபம். சாயங்கால வெயிலை கார் வாங்கிக்கொள்ளும்.

சாய்தளத்தை மட்டும் காம்பவுண்டுக்குள்ளேயே முடிச்சிடுங்க. ரோட்டில் நீட்டினால் மழைத்தண்ணி பக்கத்து வீட்டு வாசலில் தேங்கும்.