பல்செட்டுக்கு முன் ஒரு வரைபடம்

பல் கட்டிக்கொள்ள எங்கள் பிரிவுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளைக் கேட்கிறார்கள். எத்தனை நாளில் கிடைக்கும், எவ்வளவு செலவாகும் என்பவை அவை. இரண்டும் நியாயமான கேள்விகளே. ஆனால் மூன்றாவதாக ஒரு கேள்வி உண்டு; அதை அநேகமாக எவரும் கேட்பதில்லை. “டாக்டர், என் வாயில் மீதமிருக்கும் பற்களின் மீது இந்தப் பல்செட் எப்படி உட்காரப் போகிறது? வரைந்து காட்ட முடியுமா?” என்பதே அது. கழற்றி மாட்டும் பகுதிப் பல்செட் செய்துகொள்ளும் ஒவ்வொருவரும் இதைக் கேட்க வேண்டும் என்பதும், வரைபடம் ஒன்று தயாராகாமல் இறுதி அளவு எடுக்கக் கூடாது என்பதும் என் உறுதியான கருத்து.

இந்தக் கருத்து எனக்குப் பாடநூலிலிருந்து மட்டும் வந்ததன்று. ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன், முதுநிலைப் படிப்பை முடித்த புதிதில், ஐம்பது வயதைக் கடந்த ஓர் அம்மையார் என்னிடம் வந்தார். கீழ்த்தாடையில் இருபுறமும் கடைவாய்ப் பற்கள் அனைத்தும் இல்லை. மகளின் திருமணத்துக்கு மூன்று வாரங்களே இருந்தன. அவசரமாக அளவெடுத்து, ஆய்வகச் சீட்டில் “கீழ்ப் பகுதிப் பல்செட், அக்ரிலிக்” என்று மட்டும் எழுதி அனுப்பினேன். ஆய்வகத்தில் ஒரு தகடு வார்த்து, எஞ்சியிருந்த கடைசிப் பற்களைச் சுற்றிக் கம்பிக் கொக்கி வளைத்துத் தந்தார்கள். திருமணம் இனிதே நடந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து அவர் திரும்பி வந்தபோது, கொக்கி மாட்டியிருந்த இரண்டு பற்களும் ஆடிக்கொண்டிருந்தன. அவற்றின் உட்புறத்தில் ஈறு இறங்கி வேர் வெளியே தெரிந்தது. இரண்டையும் எடுக்க வேண்டியதாயிற்று. “புதுப் பல் வைத்தீங்க, இருந்த பல்லும் போயிடுச்சே டாக்டர்” என்று அவர் கோபமின்றித்தான் சொன்னார். ஆய்வகத்தின்மீது குற்றமில்லை, நான் எழுதிக் கொடுத்ததை அவர்கள் செய்தார்கள். எதை எழுத வேண்டுமோ அதை நான் எழுதவில்லை. ஆண்டுக்கொரு முறை வந்து காட்டுங்கள் என்று சொல்லவும் இல்லை.

அந்தப் பற்கள் ஏன் ஆடின? இயற்கைப் பல் தாடை எலும்பில் நேரடியாக ஒட்டியிருப்பதில்லை. மெல்லிய நார்கள் அதைக் குழியினுள் தாங்கிப் பிடித்திருக்கின்றன. கடிக்கும்போது பல் மிக நுண்ணிய அளவே அழுந்தும். பல் இல்லாத இடத்து ஈறோ அதைப்போலப் பல மடங்கு அழுந்தும். கடைவாயில் பின்புறம் பல்லே இல்லாதபோது, பல்செட்டின் முன்முனை உறுதியான பல்லைப் பற்றிக்கொண்டும் பின்முனை மெத்தென்ற ஈறின்மீதும் இருக்கிறது. ஒவ்வொரு கடிக்கும் பின்முனை தாழ்கிறது. அந்த அசைவு கொக்கியின் வழியே பல்லுக்குச் செல்கிறது. நிலத்தில் ஊன்றிய முளையைப் பிடுங்க நினைப்பவர் அதை நேராக இழுப்பதில்லை. இருபுறமும் ஆட்டித் தளர்த்துகிறார். திட்டமின்றிச் செய்த பல்செட் ஒவ்வொரு வேளை உணவின்போதும் அதையே செய்கிறது. பல்லின்மீது உட்காரும் தாங்கி இல்லாவிட்டால் தகடு முழுவதும் கீழிறங்கிப் பல்லோரத்து ஈறையும் அழுத்திக் கெடுக்கிறது.

எந்தப் பற்கள் இல்லை என்பதைப் பொறுத்துப் பகுதிப் பல்செட்டின் நடத்தை மாறும். அமெரிக்கப் பல் மருத்துவர் எட்வர்ட் கென்னடி 1925-இல் வகுத்த நான்கு வகைகளை இன்றும் உலகெங்கும் பின்பற்றுகிறோம். இருபுறமும் கடைவாயில் பின்பற்கள் இல்லாதது முதல் வகை. ஒருபுறம் மட்டும் அப்படி இருப்பது இரண்டாம் வகை. இழந்த இடத்துக்கு முன்னும் பின்னும் பல் இருப்பது மூன்றாம் வகை. முன்பற்கள் நடுக்கோட்டின் இருபுறமும் இல்லாதது நான்காம் வகை. மூன்றாம் வகையில் பாலத்தைப் போல இரு பக்கமும் பற்கள் தாங்குவதால் வேலை எளிது. முதல் இரண்டு வகைகளில்தான் மேலே சொன்ன சிக்கல் எழுகிறது. அந்த அம்மையாருக்கு இருந்தது முதல் வகை.

வடிவமைப்பு என்று நான் சொல்வது பல்லின் நிறத்தையோ அழகையோ மட்டும் அன்று. முதலில் அளவெடுத்து வார்த்த மாவுக்கல் மாதிரியைச் சர்வேயர் என்னும் கருவியில் வைத்து, பல்செட் எந்தத் திசையில் தடையின்றி ஏறி இறங்கும் என்று பார்க்கிறோம். பிறகு எந்தெந்தப் பற்களின்மீது தாங்கி உட்கார வேண்டும் என்று முடிவு செய்து, அங்கே எனாமலுக்குள்ளேயே சிறு பள்ளம் அமைக்கிறோம். கடிவிசை பல்லின் நீளவாக்கில் வேருக்கு இறங்குவதற்கான ஏற்பாடு இது. கொக்கியின் நுனி பல்லின் வளைவுக்குக் கீழே சற்றே நுழைந்திருக்க வேண்டும். கோபால்ட்-குரோமியம் உலோகத்தில் வார்த்த கொக்கிக்குப் பொதுவாக 0.25 மில்லிமீட்டர் போதும். அதற்கு மேல் போனால் கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் பல் இழுபடும். கொக்கியும் விரைவில் தளரும். இரு பக்கத்தையும் இணைக்கும் பட்டை கீழ்த்தாடையில் ஈறின் விளிம்பிலிருந்து குறைந்தது 3 மில்லிமீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். மேலண்ணத்தில் 6 மில்லிமீட்டர். பின்பற்கள் இல்லாத இடத்தில் அடித்தளம் இயன்ற அளவு அகலமாகப் பரவினால் விசையும் பரவும். இவை மில்லிமீட்டர் கணக்குகள்தாம். ஆனாலும் ஒரு பல் பல ஆண்டுகள் நிலைப்பதும் மூன்றாம் ஆண்டில் விழுவதும் பெரிதும் இவற்றைப் பொறுத்தே அமைகின்றன.

இவற்றை முடிவு செய்ய வேண்டியவர் யார்? நோயாளியைப் பரிசோதித்த மருத்துவரே என்பது என் வாதம். பல் தொழில்நுட்பக் கலைஞர்களின் கைத்திறனை நான் பெரிதும் மதிக்கிறேன். அவர்களோடு கலந்து பேசாமல் நல்ல பல்செட் உருவாகாது. ஆனால் அவர்கள் கைக்குப் போவது மாவுக்கல் மாதிரி மட்டுமே. அதில் பல்லின் வடிவம் தெரியும். பல் ஆடுவது தெரியாது. எக்ஸ்ரேயில் காணும் வேரின் நீளமும் எலும்பின் அளவும் தெரியா. நோயாளிக்கு நீரிழிவு இருப்பதும், மருந்துகளால் வாய் உலர்ந்திருப்பதும், பக்கவாதத்தால் ஒரு கை செயலிழந்து இறுக்கமான கொக்கியைக் கழற்ற அவரால் இயலாது என்பதும் அந்த மாதிரியில் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. இவை அனைத்தும் வடிவமைப்பை மாற்றக்கூடிய செய்திகள்.

நடைமுறையில் இதெல்லாம் இயலுமா, உலோகச் சட்டம் செய்ய எல்லாருக்கும் வசதி உண்டா என்ற கேள்வி நேர்மையானது. உலோகச் சட்டத்துக்குச் செலவும் கூடுதல். வர வேண்டிய முறைகளும் கூடுதல். எல்லாருக்கும் அதுவே வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பல் எடுத்த புண் ஆறி எலும்பு வடிவம் பெறும் வரையிலும், விரைவில் மேலும் சில பற்கள் போகக்கூடும் என்ற நிலையிலும் அக்ரிலிக் தகடே பொருத்தமானது. அதில் புதிய பல்லைச் சேர்ப்பது எளிது. ஆயினும் அக்ரிலிக்கையும் திட்டமிட்டுச் செய்யலாம். இடம் இருக்கும்போது அதன் ஓரத்தை ஈறு விளிம்பிலிருந்து விலக்கலாம். பல்லின்மீது உட்காரக் கம்பித் தாங்கி சேர்க்கலாம். வளையும் நைலான் பல்செட்டுகள் கொக்கி தெரியாது என்பதால் பலருக்கும் பிடிக்கின்றன. பெரும்பாலும் அவற்றில் உறுதியான தாங்கி இருப்பதில்லை. பழுது பார்ப்பதும் ஈறுப்புறத்தை நிரப்பிச் சரிசெய்வதும் கடினம். அவற்றைத் தேர்வதாயினும் இதை அறிந்தே தேர்வது நல்லது. பொருள் எதுவானாலும் வரைபடத்துக்கு ஆகும் செலவு ஒரு தாளும் பத்து நிமிடமும்தான். என்னிடம் அன்று இல்லாமற்போனது அந்தப் பத்து நிமிடமே.

ஒன்றும் செய்யாதிருப்பதும் சில வேளைகளில் சரியான வடிவமைப்பே. நெதர்லாந்தைச் சேர்ந்த ஆர்ன்ட் கைசர் 1981-இல் வெளியிட்ட ஆய்வு, கடைவாய்ப் பற்கள் இல்லாவிட்டாலும் முன்பற்களும் முன்கடைவாய்ப் பற்களும் நல்ல நிலையில் இருந்தால் பலரால் போதிய அளவு மென்று உண்ண முடிகிறது என்ற கருத்துக்கு அடித்தளமிட்டது. அப்படிப்பட்ட ஒருவர் உண்பதிலும் பேசுவதிலும் குறையின்றி இருந்தால், “இப்போதைக்குப் பல்செட் தேவையில்லை, இருப்பதைத் தூய்மையாக வைத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லும் துணிவு மருத்துவருக்கு வேண்டும். அதைக் கேட்டு ஏமாற்றமடையாத மனம் நோயாளிக்கும் வேண்டும். இல்லாததை ஈடுசெய்வதைவிட இருப்பதைக் காப்பதே முதற்கடமை.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் குறிப்பிட வேண்டும். தகுதி பெறாத சிலர், “ஒரே நாளில் நிலையான பல்” என்று சொல்லி, அக்கம்பக்கத்துப் பற்களோடு அக்ரிலிக்கைப் பூசி, கம்பியால் கட்டிவிடுகிறார்கள். அதைக் கழற்றவும் முடியாது, அடியில் தூய்மை செய்யவும் முடியாது. உணவு தங்கி, ஈறு வீங்கி, நல்ல பற்களும் சொத்தையாகி வருகிறவர்களை நாங்கள் தொடர்ந்து பார்க்கிறோம். உங்கள் வீட்டில் எவருக்கேனும் அப்படிக் கட்டப்பட்டிருந்தால், வலி இல்லாவிட்டாலும் ஒரு முறை பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அடுத்த முறை பல் கட்ட வரும்போது இவற்றைக் கேளுங்கள். பல்செட் எந்தப் பற்களின்மீது தாங்கி நிற்கும்? அந்தப் பற்களும் ஈறும் இந்தச் சுமைக்குத் தகுதியானவையா, முன்னதாகச் சிகிச்சை ஏதும் தேவையா? ஈறின் விளிம்பை எங்கெல்லாம் மூடும்? எப்போதெல்லாம் நான் திரும்ப வர வேண்டும்? விடையை வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள். இதைக் கேட்பதால் எந்த நல்ல மருத்துவரும் வருந்த மாட்டார்.

வீட்டில் பராமரிப்போருக்கும் சில சொற்கள். இரவில் பல்செட்டைக் கழற்றி, மென்மையான பிரஷ்ஷும் சோப்பும் கொண்டு கழுவி, சாதாரண நீரில் போட்டுவையுங்கள். வெந்நீர் அக்ரிலிக்கின் வடிவத்தைக் கெடுக்கும். கழுவும்போது கீழே ஒரு பாத்திரத்தில் நீர் வைத்துக்கொண்டால் நழுவினாலும் உடையாது. கொக்கி மாட்டும் பற்களைத் தனியே கவனமாகத் துலக்க வேண்டும். சொத்தை முதலில் அங்கேதான் தொடங்கும். தளர்ந்த கொக்கியை வீட்டில் வளைக்காதீர்கள். உடைந்ததைப் பசையால் ஒட்டாதீர்கள். பக்கவாதம், வலிப்பு, மறதி நோய் உள்ளவர்கள் சிறிய பல்செட்டை அறியாமல் விழுங்கிவிட வாய்ப்புண்டு. அது காணவில்லை என்றால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். அறுவை சிகிச்சைக்கு அழைத்துச் செல்லும் முன் பல்செட் இருப்பதைச் செவிலியரிடமும் மயக்க மருத்துவரிடமும் தெரிவித்து, கழற்றிப் பெயர் எழுதிய மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். காகிதத்தில் சுற்றி உணவுத் தட்டில் வைத்த பல்செட்டுகள் குப்பையோடு போய்விடுகின்றன.

நான் குறிப்பிட்ட அம்மையார் இன்றும் ஆண்டுக்கொரு முறை வருகிறார். இரண்டு பற்களை எடுத்த பின், எஞ்சிய பற்களை ஒவ்வொன்றாகப் பரிசோதித்து, வரைந்து, ஆய்வகக் கலைஞரோடு அமர்ந்து பேசி, உலோகச் சட்டத்தில் புதிய பல்செட் செய்தோம். ஈறு தேய்ந்ததற்கு ஏற்ப அதன் உட்புறத்தை இரு முறை நிரப்பிச் சரிசெய்திருக்கிறோம். அதன் பிறகு அவர் ஒரு பல்லையும் இழக்கவில்லை. அவருடைய கோப்பில் முதல் தாளாக அந்த வரைபடம் இருக்கிறது. உங்கள் கோப்பிலும் ஒன்று இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.