தபால் செலவுக்குமா கமிஷன்?

ஆபீஸ்ல ஆணி அதிகம், இருந்தாலும் புலம்பாம முடியல மக்களே. கொல்லிமலைல, செம்மேட்டு வீட்டுப் பெட்டில தாத்தா வெச்சிருந்த அரையணா காசு ஒண்ணை ஒரு தளத்துல 150 ரூபாய்க்கு வித்தேன். (பேர் வேணாம், விடுங்க.) தபால் செலவு 60. கமிஷனை 150க்கு இல்ல, 210க்குப் போட்டுத் தாளிச்சிட்டாங்க! தபாலாபீசுக்குப் போற காசுல இவங்களுக்கு என்னய்யா பங்கு?

"தளம் நடத்த செலவாகுது"ன்னு சப்பைக்கட்டு கட்டாதீங்க. ஈபே அமெரிக்காவுல 2008ல கமிஷனை ஏத்தினப்போ விக்கிறவங்க ஸ்ட்ரைக்கே பண்ணினாங்க, அசையல. இப்ப அங்க பெரும்பாலான பொருளுக்கு 13 சதவீதத்துக்கு மேல, தபால் செலவையும் சேர்த்து. அதே ஈபே பிரிட்டன்ல 2024 அக்டோபர்ல, கடை வெக்காம சும்மா விக்கிறவங்களுக்கு, வண்டி தவிர மத்ததுக்கெல்லாம் கமிஷனையே எடுத்துடுச்சு. ஏன்? விக்கிறவங்ககிட்ட கமிஷன் வாங்காத விண்டட் பக்கத்துலயே கடை போட்டுச்சு. (2025ல அதை வாங்கறவங்க தலையில கட்டினது தனிக்கதை.)

செலவாம் செலவு! வியாபாரிக்கு இந்த கமிஷன் கணக்குல எழுதற செலவு. வருஷத்துக்கு ரெண்டு காசு, நாலு ஸ்டாம்ப் விக்கிறவனுக்கு?

தாத்தா பெட்டில இன்னும் 11 காசு இருக்கு. யாருக்காவது வேணும்னா சொல்லுங்க, ஆடிப்பெருக்குக்கு ஊருக்குப் போறப்ப எடுத்துட்டு வரேன். கமிஷன், ஒரு டீ :-)