தலையெழுத்தா? ஜீவ அணுவின் எழுத்தா?

நம் நாட்டில் ஒருவனுக்குப் புற்றுநோய் கண்டால் டாக்டர் வாய் திறப்பதற்கு முன்பே ஜோசியனும் புரோகிதனும் வாய் திறந்துவிடுகிறார்கள். “முன்ஜன்ம வினை” என்கிறான் ஒருவன். “கிரக தோஷம்” என்கிறான் மற்றொருவன். வீட்டாரோ, “மருமகள் காலடி வைத்த நேரம்” என்று ஒன்றும் அறியாத பெண்ணின் தலையில் பழியைப் போடுகிறார்கள். பரிகாரத்திற்கும் ஹோமத்திற்கும் பணம் போவதோடு, பணத்தைவிடப் பெரிதான காலமும் போகிறது. மூத்திரத்தில் ரத்தம் கண்டவன் ஆஸ்பத்திரியை விட்டுக் கோவிலைச் சுற்றினால், கட்டி வளராமல் காத்திருக்குமா என்று கேட்கிறோம்.

சிறுநீரகப் புற்றுநோயைப் பற்றி ஆராய்ச்சியாளர்கள் கண்டதென்ன? நமது ஜீவ அணுக்களில் டி.என்.ஏ. என்றோர் எழுத்து இருக்கிறது. அது பிரமன் எழுதியதல்ல. தாயிடமிருந்து ஒரு பிரதியும் தகப்பனிடமிருந்து ஒரு பிரதியுமாக வந்தது. ஒவ்வோர் அணுவிலும் தினந்தோறும் ஆயிரக்கணக்கான இடங்களில் அது பழுதுபடுகிறது. சில புரதங்கள் அதை உடனுக்குடன் செப்பனிடுகின்றன. இம்முறைகளை விளக்கியதற்காகவே லிண்டால், மோட்ரிச், சன்கார் ஆகிய மூவருக்கும் 2015-ல் நோபல் பரிசு கிடைத்தது.

கட்டி வளரவொட்டாமல் தடுக்கும் காவல் புரதங்களும் உண்டு. வி.எச்.எல்., பி.பி.ஆர்.எம்.1, பாப்1, செட்டி2 என்னும் நான்கு காவலர்களுக்குரிய ஜீன்கள் 3-வது குரோமோசோமின் குட்டைக் கையில் இருக்கின்றன. சிறுநீரகப் புற்றில் மிகுதியாகக் காணப்படும் வகையில், பெரும்பாலும் அந்தக் கை ஒரு பக்கம் அறுந்துபோகிறது. நான்கிலும் ஒரு பிரதி ஒரேயடியாகத் தொலைகிறது. மிச்சமுள்ள வி.எச்.எல். பிரதியும் கெட்டால், பிராணவாயு இருந்தும் இல்லையென்று அணு ஏமாந்து புது ரத்தக்குழாய்களை வரவழைக்கிறது. செட்டி2-வும் அடியோடு போனாலோ, முறிந்த டி.என்.ஏ.யைப் பிழையின்றி ஒட்டுவதற்கு வேண்டிய அடையாளமே இல்லாமற்போகிறது. பாப்1-ம் அந்தச் செப்பனிடும் வேலையில் பங்குள்ளதே. காவற்காரனோடு கொத்தனும் ஓடிப்போன வீடு என்னவாகும்?

“பரம்பரையாக வருவது விதிதானே?” என்று பண்டிதர்கள் கேட்கலாம். பழுதான வி.எச்.எல். ஜீனோடு பிறக்கும் குடும்பங்கள் சில உண்டு. தாய்க்கோ தகப்பனுக்கோ அது இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி இடமுண்டு. அது ஆண் பெண் பார்ப்பதில்லை, ஜாதி பார்ப்பதில்லை, பாவ புண்ணியமும் பார்ப்பதில்லை. வேறு வீட்டிலிருந்து வந்த மருமகள் புருஷனின் ஜீனைக் கெடுப்பதெங்ஙனம்? அந்த ஜீன் 1993-ல் கண்டுபிடிக்கப்பட்டபின், பழுதுடையவர் யாரென்று ரத்தப் பரிசோதனையே சொல்லிவிடுகிறது. அவர்களைத் தவறாமல் படமெடுத்துக் கவனித்து, கட்டி சுமார் 3 செண்டிமீட்டர் ஆனதும் அதை மட்டும் அறுத்தெடுத்துச் சிறுநீரகத்தைக் காப்பாற்றுகிறார்கள். அந்நோய்க்கென்று பெல்சுட்டிஃபான் என்ற மருந்துக்கு 2021-ல் அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது. படிக்கவும், முன்கூட்டியே அறியவும், தடுத்து நிறுத்தவும் முடிகிற ஒன்றை விதி என்பது பித்தலாட்டமல்லவா?

சிறுநீரகப் புற்று பெரும்பாலும் பரம்பரையாக வருவதுமல்ல. புகைபிடித்தலும், உடற்பருமனும், ரத்தக் கொதிப்பும் அதற்கு இடங்கொடுக்கின்றன. இவை மூன்றும் நம் முயற்சிக்கு அடங்கியவையே. நவக்கிரகங்களுக்கு இதில் வேலையில்லை.

ஆதலால் தோழர்களே! மூத்திரத்தில் ரத்தம் கண்டதெல்லாம் புற்றல்ல. ஆனால் புற்றா அல்லவா என்று சொல்லவேண்டியவன் டாக்டரேயன்றி ஜோசியனல்ல. ஹோமத்திற்கு எடுத்து வைத்த பணத்தைப் பரிசோதனைக்குச் செலவிடுங்கள். வீட்டுப் பெண்ணின் மேல் போட்ட பழியை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.