கோடு போட்ட பிறகு கேட்கப்படும் கருத்து

நல்லம்பள்ளி வட்டத்தின் ஊடாகச் சேலம் – பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை செல்கிறது. கெயில் நிறுவனத்தின் கொச்சி – பெங்களூரு எரிவாயுக் குழாயை விளைநிலங்களில் புதைக்காமல் நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுசெல்லுங்கள் என்பதுதான் கோவை முதல் தருமபுரி, கிருஷ்ணகிரி வரையிலான ஏழு மாவட்ட விவசாயிகள் பத்தாண்டுகளுக்கும் மேலாக முன்வைத்துவரும் கோரிக்கை. வளர்ச்சிக்கு எதிரானவர்கள் என்று அவர்களைச் சொல்லிவிடுவது எளிது. என் பார்வையில் அது மறுப்பு அன்று. மாற்றுத் தடத்தைச் சுட்டிக்காட்டிய ஒரு திட்ட யோசனை.

அந்த யோசனையைக் கேட்பதற்குத்தான் நம் சட்டத்தில் இடமில்லை. குழாய்களுக்கு நிலத்தின் பயன்பாட்டு உரிமையைப் பெறும் சட்டம் 1962இல் இயற்றப்பட்டது. தடத்தை முடிவுசெய்து அறிவிக்கை வெளியிட்ட பின், ஆட்சேபம் தெரிவிக்க 21 நாள் தருகிறது. நிலம் உழவர் பெயரிலேயே இருக்கும். ஆனால் குழாய்த் தடத்தில் வீடு கட்டவோ, கிணறு வெட்டவோ, மரம் நடவோ கூடாது. தடத்தின் அகலம் 20 மீட்டர். சதுரமான ஓர் ஏக்கரின் குறுக்கே அது சென்றால் ஏறத்தாழ 31 சென்ட் இந்தக் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிடும். பயிர்ச் சேதத்துக்கான தொகை நீங்கலாக, சட்டம் வகுத்த இழப்பீடு நிலத்தின் சந்தை மதிப்பில் பத்து விழுக்காடு. மானாவாரியையும் கிணற்றையும் நம்பி, மாவும் புளியும் வளர்க்கும் சிறு விவசாயிக்கு இந்தக் கணக்கு எப்படிக் கட்டுப்படியாகும்?

ஒருமுறை அவர்கள் சொன்னது கேட்கப்பட்டது. 2013 மார்ச்சில் தமிழகத் தலைமைச் செயலாளர் கோவையில் விவசாயிகளின் கருத்துகளை நேரில் கேட்டறிந்தார். அதையொட்டி, தடத்தை நெடுஞ்சாலை ஓரமாக மாற்றும்படி மாநில அரசு கெயிலுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது; 2016 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றமும் தமிழக அரசின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. மத்தியச் சட்டத்தின்கீழ் முடிவான தடத்தை மாற்ற மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை. காதுகொடுத்துக் கேட்டவரிடம் அதிகாரம் இல்லை. அதிகாரம் உள்ளவர் தடம் வரையும்போது கேட்கவில்லை.

நெடுஞ்சாலை நாளை அகலமாகும், அதையொட்டிக் குடியிருப்புகள் நெருங்கும், ஆகவே வயல்வெளியே பாதுகாப்பானது என்னும் வாதம் ஒதுக்கத்தக்கதன்று. தொப்பூர் கணவாயின் வளைவுகளை அறிந்தவர்களுக்கு அங்கே குழாய் பதிப்பது எளிதன்று என்பது புரியும். ஆனால் வயலிலும் மனிதர்கள் இருக்கிறார்கள். 2014 ஜூனில் ஆந்திரத்தின் கோதாவரிப் படுகையில் கெயில் குழாய் வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இரு தடங்களின் நன்மை தீமைகளையும் ஊரார் முன்னிலையில் எடைபோட்டிருந்தால், ஒருவேளை விவசாயிகளே சில இடங்களில் விட்டுக்கொடுத்திருப்பார்கள். அதற்கான களம் அமைக்கப்படவே இல்லை. 2022 ஏப்ரலில், தருமபுரி மாவட்டத்தில் குழாய்ப் பணிக்கு எதிரான போராட்டத்துக்கிடையே ஒரு விவசாயி தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

இது குழாயோடு முடியும் செய்தியன்று. நல்லம்பள்ளி வட்டத்தில் அதியமான்கோட்டை, தடங்கம், பாலஜங்கமனஹள்ளி, அதகபாடி ஊர்களையொட்டி சிப்காட் தொழிற்பூங்கா அமைகிறது. வேலைக்காகப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பேருந்து ஏறும் இளைஞர்களைக் கொண்ட மாவட்டத்துக்கு அது தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் தொழில் நோக்கங்களுக்கு நிலம் எடுக்கும் தமிழகத்தின் 1997ஆம் ஆண்டுச் சட்டத்தில், 2013 மத்தியச் சட்டம் வலியுறுத்தும் சமூகத் தாக்க ஆய்வு இல்லை. அச்சட்டத்துக்கு மீண்டும் உயிர்கொடுத்த மாநில அரசின் நடவடிக்கையை 2021இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. எனினும் ஆய்வு நடத்தக் கூடாது என்று எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை. அரசு விரும்பினால் தானே முன்வந்து நடத்தலாம். மாற்று இடங்கள், நீர்த்தேவை, கழிவுநீர் செல்லும் வழி ஆகியவற்றைத் தமிழில் எழுதி, நிலம் அளப்பதற்கு முன்பே கிராம சபையில் வைக்கலாம். அரசமைப்பின் 243இசட்டி பிரிவு கூறும் மாவட்டத் திட்டக் குழு, கிராம சபைத் தீர்மானங்களுக்கு எழுத்துமூலம் பதிலளிக்கலாம்.

இப்போதைக்கு அதிலும் ஒரு சிக்கல். தருமபுரி மாவட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் சென்றது. கிராம சபையில் ஊரார் நிறைவேற்றும் தீர்மானத்தை, அரசிடம் எடுத்துச் செல்ல வேண்டியவரும் அரசு அலுவலரே.