ஆறு குணமானதா? தூண்டில்காரரைக் கேளுங்கள்

கிள்ளான் ஆறு சுத்தமாகிவிட்டதா என்று கேட்டால், அதிகாரிகளின் கையில் இருப்பது ஒரு மதிப்பெண். கரைந்த ஆக்சிஜன், உயிர்வேதியியல் ஆக்சிஜன் தேவை, வேதியியல் ஆக்சிஜன் தேவை, அம்மோனியா நைட்ரஜன், நீரில் கலந்த திடப்பொருள், பிஎச் என 6 அளவுகளைச் சுற்றுச்சூழல் துறை எடுக்கிறது. அவற்றை ஒரு வாய்ப்பாட்டில் போட்டு 100க்கு இத்தனை என்று சொல்கிறது. 81ஐத் தொட்டால் சுத்தம், 60க்குக் கீழே போனால் மாசு, இடைப்பட்டது இலேசான மாசு. இந்த மதிப்பெண்ணை நம்பித்தான் 2010களின் தொடக்கத்தில் ‘ரிவர் ஆஃப் லைஃப்’ திட்டம் புறப்பட்டது. 110 கிலோமீட்டர் ஆற்றுப்பகுதி, சுமார் 440 கோடி வெள்ளி, 2020க்குள் உடல் நனைத்து விளையாடத்தக்க இரண்டாம் வகுப்பு நீர் என்று இலக்கு வைத்தார்கள். மஸ்ஜிட் ஜாமெக்கில் இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் நீல விளக்கும் நீராவிப் புகையும் வந்தன. அவை கண்ணுக்கு அழகுதான். ஆனால் அந்த நீரில் என்ன உயிர் வாழ்கிறது என்பதை மதிப்பெண்ணும் சொல்லவில்லை, விளக்கும் காட்டவில்லை. வேடிக்கை என்னவென்றால், நம் நாட்டு நீர்த்தர வகைப்பாட்டிலேயே மீன் இருக்கிறது. எளிதில் பாதிக்கப்படும் நீர்வாழ் உயிரினங்களுக்கு ஏற்றது இரண்டாம் வகுப்பு, எதையும் சகித்துக்கொள்ளும் சாதாரண மீன்களுக்கானது மூன்றாம் வகுப்பு என்று அட்டவணை பேசுகிறது. அட்டவணை மீனைப் பற்றிப் பேச, மதிப்பெண்ணோ மீனைப் பார்ப்பதே இல்லை. இந்த ஓட்டையை அடைக்கப் புதுக் கருவி வேண்டியதில்லை. ஆற்றங்கரையில் ஏற்கெனவே தூண்டிலோடு நிற்பவர்களின் பிடிப்பைக் கணக்கில் எடுத்தால் போதும் என்பதே என் வாதம்.

நீர் மாதிரி ஒரு குப்பியில் அடைபட்ட ஒரு கணம். காலை பத்து மணிக்கு அள்ளிய தண்ணீருக்கு, முந்தின இரவு இரண்டு மணிக்கு ஏதோ ஒரு தொழிற்சாலை வாய்க்காலில் திறந்துவிட்டது தெரியாது. தானியங்கிக் கருவிகள் உண்டு, ஆனால் அவை நிற்பது சில இடங்களில் மட்டும். மீனுக்கு விடுமுறை கிடையாது. இரவு இரண்டு மணிக்கும் அது அங்கேதான் மூச்சுவிடுகிறது. 2020 செப்டம்பரில் ரவாங் அருகே சுங்கை கோங்கில் கலந்த கழிவு சிலாங்கூர் ஆற்றின் நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களை நிறுத்தி, சுமார் 12 இலட்சம் இணைப்புகளில் குழாயை வறளவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு மார்ச்சில் ஜொகூர் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் கொட்டிய இரசாயனம் ஆயிரக்கணக்கானோரை நோயில் தள்ளியது, 111 பள்ளிகளை மூட வைத்தது. கள்ளத்தனமாகக் கொட்டுகிறவன் மாதிரி எடுக்கும் நாளையும் நேரத்தையும் பார்த்துக்கொண்டா கொட்டுகிறான்? போதாக்குறைக்கு ஈயம், பாதரசம், காட்மியம் போன்ற உலோகங்கள் அந்த 6 அளவுகளில் இல்லவே இல்லை. மீனின் உடலிலோ அவை மெல்ல மெல்லச் சேர்ந்துகொண்டே இருக்கும்.

தூண்டில்காரருக்கு ஆறு தெரியும் என்பது உணர்ச்சிவசப்பட்ட பேச்சு அல்ல. அவர் கைத்தொழில் அப்படிப்பட்டது. வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் ஸ்டீல்ஹெட் என்றொரு மீன் உண்டு. ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிட மீண்டும் ஆற்றுக்கு ஏறும் வானவில் டிரவுட் அது. அதைப் பிடிக்க அங்குள்ளவர்கள் விரும்பும் முறைகளில் ஒன்று தக்கையும் ஜிக்கும். இறகு சுற்றிய ஈயத்தலைத் தூண்டிலை ஒரு தக்கைக்குக் கீழே தொங்கவிட்டு, நீரோட்டத்தோடு மிதக்கவிடுவார்கள். தூண்டில் தரையைத் தட்டக் கூடாது; தரைக்கு ஓரிரு அடி மேலே, ஓட்டத்தின் இயல்பான வேகத்தில் போக வேண்டும். மேல்மட்ட நீர் வேகமாகவும் அடிநீர் மெதுவாகவும் ஓடும் என்பதால், தக்கை சாய்ந்திருக்கும் விதத்தைப் பார்த்தே அடியில் என்ன நடக்கிறது என்று ஊகிக்க வேண்டும். எங்கே மடு, எங்கே மணல் ஏறியிருக்கிறது, எந்தப் பாறைக்குப் பின்னால் ஓட்டம் தளர்கிறது என்று தெரியாதவருக்குத் தக்கை சும்மா மிதக்கும். கிள்ளானில் தங்கூசியும் ஈயக்குண்டும் வைத்துக் கழிமுகத்தில் கொடுவாய்க்குக் காத்திருப்பவருக்கும், பழைய ஈய லம்பங்களில் விராலுக்கு எறிபவருக்கும் இதே வகை அறிவு உண்டு. தோட்டப்புறத்து வாய்க்காலில் தொடங்கி நகரத்துக்கு வந்த அந்த அறிவை, ஆற்றைப் பராமரிக்கிறவர்கள் ஒருநாளும் கேட்டு வாங்கியதில்லை.

ஸ்டீல்ஹெட் நாட்டில் வாங்குகிறார்கள். வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்டீல்ஹெட் பிடித்து வைத்துக்கொள்பவர் தம்முடைய பதிவட்டையில் தேதியையும் ஆற்றின் பெயரையும் அப்போதே எழுத வேண்டும். பிறகு அட்டையின் விவரத்தை மாநில மீன்வளத் துறைக்கு அனுப்ப வேண்டும். பண்ணையில் வளர்த்து விட்ட மீனுக்கு முதுகின் பின்புறம் உள்ள சிறு கொழுப்புத் துடுப்பை முன்கூட்டியே வெட்டிவிடுவார்கள். துடுப்பு முழுசாக இருந்தால் அது இயற்கை மீன், திரும்ப விட வேண்டும். மீன் குறையும் என்ற கணிப்பு வந்தபோது, 2020 டிசம்பரில் கடலோர ஆறுகள் பலவற்றில் படகிலிருந்து பிடிப்பதையே நிறுத்தினார்கள். அந்த ஏற்பாடு மீனைக் காப்பாற்றிவிட்டது என்று நான் சொல்லவில்லை. பல ஸ்டீல்ஹெட் கூட்டங்கள் இன்றும் அழிவு அபாயப் பட்டியலில்தான் இருக்கின்றன. ஆனால் எந்த ஆற்றில் எது குறைகிறது என்பது அங்கே ஊருக்கே தெரிகிறது. இங்கே அது யாருக்கும் தெரியாது.

பொழுதுபோக்காகப் பிடிப்பவர் எழுதிய குறிப்பை நம்பலாமா என்பது நியாயமான சந்தேகம். பதில் காவிரியில் கிடைக்கிறது. கர்நாடகத்தில் காவிரிக் கரையில் உள்ள காலிபோர் முகாமில் 1998 முதல் 2012 வரை பிடித்துத் திரும்ப விடப்பட்ட மஹ்சீர் மீன்கள் 6,000க்கும் மேல். நம் கெலாவின் நெருங்கிய உறவுக்காரர் அந்த மீன். முகாம் வைத்திருந்த பிடிப்புப் பதிவுகளை ஆய்வாளர்கள் அலசி 2015இல் வெளியிட்டார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது. ஆறு செழிக்கிறது என்று மகிழ்ந்திருக்கலாம். வகை பிரித்துப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது: பெருகியது வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட நீலத்துடுப்பு மஹ்சீர், காவிரிக்கே உரிய திமில் மஹ்சீரோ ஆண்டுக்கு ஆண்டு மறைந்துகொண்டிருந்தது. அந்த மீனுக்கு அறிவியல் பெயர் உறுதியானதும், மிகக் கடும் அழிவு அபாயத்தில் உள்ளது என்று உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அறிவித்ததும் 2018இல். பெயர் உறுதியாகும் முன்பே அதன் வீழ்ச்சியைப் பதிவு செய்தவர்கள் தூண்டில்காரர்கள்.

அதே பாடம் கிள்ளானுக்கும் பொருந்தும். இங்கே மீன் இருக்கிறது என்று காட்டுவது எளிது. மீன்தொட்டிகளிலிருந்து தப்பியும் தூக்கியெறியப்பட்டும் பரவிய தென்னமெரிக்கப் பண்டாராயா மீன், ஆப்பிரிக்கக் கெளுத்தி, திலாப்பியா ஆகியவை கெட்ட நீரையும் பொறுத்துக்கொள்ளும். முதல் இரண்டும் வெளிக்காற்றை விழுங்கிச் சமாளிப்பவை. பண்டாராயா மீன் கரையைக் குடைந்து கூடு வைப்பதால் ஆற்றங்கரையும் சரிகிறது. நம் விராலும் வெளிக்காற்றைச் சுவாசிப்பதுதான். ஆகவே பிரிக்பீல்ட்ஸ் ஓரம் யாரோ ஒரு விராலைத் தூக்கினார் என்று கேட்டு மாலை போட்டுக்கொள்ள வேண்டாம். கெலா, தெங்காஸ், செபாராவ் போன்றவை தெளிந்த, ஆக்சிஜன் நிறைந்த ஓடுநீர் கேட்பவை. கோலகுபு பாரு பக்கம் சுங்கை சிலிங் மீன் சரணாலயத்தில் கெலாவைப் பார்க்கலாம். அத்தகைய மீன் கிள்ளான் ஆற்றில் எந்த எல்லை வரை கீழே இறங்கி வருகிறது என்பதே பார்க்க வேண்டிய கோடு. அந்தக் கோடு ஆண்டுதோறும் கடல் பக்கம் நகர்ந்தால் ஆறு தேறுகிறது. நகரவில்லை என்றால், மதிப்பெண் எவ்வளவு ஏறினாலும் அது காகிதத்தில் ஏறிய மதிப்பெண்.

மறுப்புகளில் கனமானது உடல்நலம் பற்றியது. நகர ஆற்றில் மீன்பிடிப்பதை அரசே அங்கீகரித்தால், நஞ்சேறிய மீனைத் தின்னச் சொன்னதாக ஆகாதா? கவலை உண்மையானது. ஆனால் இன்றைய நிலை என்ன? பிடிப்பவர் பிடிக்கிறார், சிலர் குழம்பும் வைக்கிறார்கள். அவர்களிடம் எச்சரிக்கை சொல்ல எவருக்கும் வழியில்லை. நமது 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளில் மீனில் ஈயம், பாதரசம், காட்மியம் எவ்வளவு இருக்கலாம் என்ற உச்சவரம்பு உண்டு. ஆற்றுமீனை அந்த வரம்போடு ஒப்பிட்டு, இந்தப் பாலத்துக்குக் கீழே பிடித்ததை உண்ணாதீர்கள் என்று பலகை வைக்கப் பதிவேடு இருந்தால்தான் முடியும். சந்தையில் தெரியாமல் கலந்துவிடும் மீனைவிட, கையெழுத்தோடு எழுதப்பட்ட மீன் பாதுகாப்பானது.

பதிவு என்றால் உரிமம், உரிமம் என்றால் கட்டணம், கடைசியில் ஏழையின் தூண்டில்தான் பறிபோகும் என்பார்கள் சிலர். இந்தச் சந்தேகத்துக்கு நம் அனுபவத்தில் இடம் உண்டு, அதனால்தான் கட்டணமே வேண்டாம் என்கிறேன். பணம் கட்டிக் குளத்தில் பிடிக்க முடிந்தவர் அங்கே போகட்டும். கரையில் நிற்பவர் கைப்பேசியிலோ அட்டையிலோ மூன்று விஷயங்களைச் சொன்னால் போதும்: எங்கே, எத்தனை மணி நேரம், என்ன மீன். ஒன்றும் கிடைக்காத நாளையும் எழுத வேண்டும், அதுதான் முக்கியம். மாநிலத்துக்கு உள்நாட்டு மீன்பிடி பற்றி விதி வகுக்கும் அதிகாரத்தை 1985 மீன்வளச் சட்டம் ஏற்கெனவே தந்திருக்கிறது. மின்சாரம் பாய்ச்சியும் நஞ்சு கலந்தும் வெடிவைத்தும் பிடிப்பதை அதே சட்டம் குற்றமாக்குகிறது. கரையில் பேரும் முகமும் தெரிந்தவர்கள் இருந்தால், அந்தக் குற்றங்களுக்கும் கள்ளக் கழிவுக்கும் கண் இருக்கும். உயிரைத் துன்புறுத்தும் விளையாட்டை ஊக்குவிக்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. முள் குத்தினால் மீனுக்கு வலிக்காது என்று சொல்லி அவர்களை நான் ஏமாற்றப் போவதில்லை. எதிர்முள் இல்லாத தூண்டிலும் ஈரக் கையும் துன்பத்தைக் குறைக்கும், நீக்காது.

மாற்றுக் கருத்துகளில் எனக்கே முழுப் பதில் இல்லாதது வெள்ளம் பற்றியது. மீனுக்கு மடுவும் கல்லும் வளைவும் நிழலும் வேண்டும். வடிகால் நீர்ப்பாசனத் துறைக்கோ மழைநீர் சீக்கிரம் ஓட நேரான சிமெண்டுச் சுவர் வேண்டும். கூடுமிடத்திலிருந்து பிரிக்பீல்ட்ஸ் தாண்டி மிட்வேலி வரை ஆறு பெரும்பாலும் அந்தச் சுவருக்குள்தான் ஓடுகிறது. 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதைப் பார்த்தவர்களிடம், மீனுக்காகச் சுவரை உடையுங்கள் என்று எவரும் சொல்ல முடியாது. எனவே நடு நகரத்தில் செபாராவ் வரும் என்று நான் வாக்களிக்கவில்லை. மேலே கிள்ளான் கேட்ஸ் அணையைச் சுற்றியும் கோம்பாக் மேற்பகுதியிலும், கீழே கிள்ளான் பட்டணத்துக்கு அப்பால் கழிமுகத்திலும் நம்பிக்கைக்கு இடம் அதிகம்.

கரைவாசிகளிடம் ஆற்றை ஒப்படைப்பது இந்த நாட்டுக்குப் புதிதும் அல்ல. சபாவில் தகால் முறையில் கிராமத்தாரே ஆற்றைப் பகுதி பிரித்து, எங்கே பிடிக்கக் கூடாது, எங்கே எப்போது பிடிக்கலாம் என்று முடிவு செய்கிறார்கள். அதற்கு 2003ஆம் ஆண்டு மாநிலச் சட்டத்தின் துணையும் உண்டு. கிராம ஆற்றுக்கும் நகர ஆற்றுக்கும் வேறுபாடு பெரிது என்பதால் அப்படியே பெயர்த்து நட முடியாது. தொடக்கமாக மேல்பகுதியில் ஓரிடம், மிட்வேலி அருகே ஓரிடம், கிள்ளான் கோத்தா பாலத்தருகே ஓரிடம் என்று மூன்று இடங்களில் பதிவேடு திறக்கலாம். சிலாங்கூர் நீர் நிர்வாக வாரியமும் மீன்வளத் துறையும் அதை வைத்துக்கொண்டு, சுற்றுச்சூழல் துறையின் மதிப்பெண்ணுக்குப் பக்கத்திலேயே ஆண்டுக்கு ஒருமுறை மீன் பட்டியலையும் அச்சிடட்டும். முதல் ஆண்டுப் பட்டியலில் திலாப்பியாவும் கெளுத்தியும் பண்டாராயா மீனும் தவிர வேறெதுவும் இல்லாமல் போகலாம். அதையும் மறைக்காமல் அப்படியே வெளியிட வேண்டும்.